குளோன் எடுக்க எந்த வழி?

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத தம்பி இன்று கேட்டான்: "அண்ணா, ரெப்போ பக்கத்துல எச்.டி.டி.பி.எஸ்., எஸ்.எஸ்.எச்.னு ரெண்டு முகவரி இருக்கே, எதை எடுக்கணும்?" அவசரத்தில் "எதுன்னாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டேன். அது தப்பான பதில். நாளை திருத்திச் சொல்வதற்காக இந்தக் குறிப்புகள்.

*

எந்த வழியில் இழுத்தாலும் வந்து சேரும் சரக்கு ஒன்றுதான். வேகத்திலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டிலும் அதே பேக் கோப்புதான் வருகிறது. வழியில் ஒரு பைட் கெட்டாலும் கிட் கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு கமிட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 40 எழுத்து அடையாளம் உண்டு, முந்தைய கமிட்டின் அடையாளமும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

அதனால் நெறிமுறை எதுவானாலும் பாதுகாப்புதான் என்று பலர் நினைக்கிறார்கள். சரக்கு உடையாமல் வந்தது என்பதற்குத்தான் அந்த அடையாளம் சாட்சி. சரியான கடையிலிருந்து வந்ததா என்று அது சொல்லாது. நடுவில் ஒருவன் நுழைந்து, தான் ஜோடித்த முழு வரலாற்றையும் அனுப்பினால் கணக்கெல்லாம் ஒத்துப்போகும். மறுமுனையில் இருப்பது யார் என்று உறுதி செய்வது நெறிமுறையின் வேலை.

*

9418ஆம் போர்ட்டில் ஓடும் பழைய கிட் நெறிமுறை அந்த வேலையைச் செய்யவே இல்லை. கணக்கு வேண்டாம், சாவி வேண்டாம், மறையாக்கமும் கிடையாது. விரைவானது, அவ்வளவுதான். கிட்ஹப் அதை 2022 மார்ச் 15 அன்று நிரந்தரமாக மூடியது. சரியான முடிவு. பழைய பில்ட் ஸ்கிரிப்டுகளில் இன்னும் அந்த முகவரி கிடக்கிறது. கிட் அமைப்பில் 'இன்ஸ்டெட்-ஆஃப்' என்று ஒரு வரி எழுதினால் எல்லாம் எச்.டி.டி.பி.எஸ்.ஸுக்குத் திரும்பிவிடும்.

*

எச்.டி.டி.பி. வழி முதலில் வெறும் கோப்புப் பரிமாறலாக இருந்தது. வேண்டியதை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். ஷான் பியர்ஸ் உருவாக்கிய 'ஸ்மார்ட்' முறை கிட் 1.6.6-இல் வந்த பிறகுதான் அது உருப்படியானது. இன்று அதன் பெரிய பலம் 443ஆம் போர்ட். கல்லூரி ஃபயர்வால், விடுதி வைஃபை எங்கும் அதை அடைப்பதில்லை.

ஆபத்து டோக்கனில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் இந்த வழியில் பாஸ்வேர்டை ஏற்பதில்லை, டோக்கன்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒருவர் டோக்கனை முகவரிக்குள்ளேயே ஒட்டிக் குளோன் எடுத்தார். அது அப்படியே ரெப்போவுக்குள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் பச்சையாக உட்கார்ந்துகொண்டது. பிறகு அந்த ஃபோல்டரை ஜிப் செய்து வாடிக்கையாளருக்கு அனுப்பினார்கள். பார்த்தவுடன் டோக்கனை ரத்து செய்தோம். அதற்கு முன்பு யார் திறந்து பார்த்தார்கள் என்று அறிய வழியில்லை. டோக்கனை கிரெடென்ஷியல் ஹெல்பரிடம் கொடுங்கள், முகவரியில் எழுதவே எழுதாதீர்கள்.

*

எஸ்.எஸ்.எச்.சில் ரகசியச் சாவி நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை. அதனால்தான் புஷ் செய்யும் வேலைக்கு அதையே விரும்புகிறேன். முதல் இணைப்பில் சர்வரின் கைரேகையைக் காட்டி "தொடரவா?" என்று கேட்கும். யாரும் படிப்பதில்லை, எல்லோரும் 'யெஸ்' அடிக்கிறோம்.

2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்.எஸ்.ஏ. சர்வர் சாவியை மாற்றியது. ரகசியச் சாவி கொஞ்ச நேரம் ஒரு பொது ரெப்போவில் வெளிப்பட்டிருந்தது. பழைய சாவியைச் சேமித்து வைத்திருந்தவர்களின் திரையில் பெரிய எச்சரிக்கை வந்தது. அந்த மாதிரி நேரத்தில் கிட்ஹப் தன் பக்கத்தில் வெளியிட்டிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. சோதனையையே அணைத்துவிடுவது, கதவுப் பூட்டு சிக்குகிறது என்று கதவைக் கழற்றி வைப்பது போன்றது.

22ஆம் போர்ட் அடைபட்ட இடத்தில் கிட்ஹப்பின் எஸ்.எஸ்.எச்.சை 443 வழியாகவும் பிடிக்கலாம்.

*

இதைத் தம்பியிடம் அழுத்திச் சொல்ல வேண்டும்: பொதுவில் வைத்த ரெப்போவாக இருந்தாலும் கிட்ஹப்பில் எஸ்.எஸ்.எச். முகவரி கணக்கும் சாவியும் கேட்கும். ரீட்மியிலோ சப்மாட்யூலிலோ அந்த முகவரியை மட்டும் எழுதினால், படிக்க வந்த புதியவரை வாசலிலேயே நிறுத்துகிறோம். படிக்க எச்.டி.டி.பி.எஸ்., எழுத எஸ்.எஸ்.எச். ஒரே ரிமோட்டில் புஷ்ஷுக்கு மட்டும் தனி முகவரி வைக்கக் கிட் இடம் தருகிறது.

*

ஒரே கணினிக்குள் நகல்: வெறும் பாதையைக் கொடுத்தால் கிட் ஹார்ட்லிங்க் போட்டு நொடியில் முடிக்கிறது. டிஸ்க்கில் இருப்பது அதே தரவுதான். அதை பேக்கப் என்று நம்ப வேண்டாம். உண்மையான தனி நகல் வேண்டுமென்றால் முன்னால் 'ஃபைல்' என்று சேர்த்து, முகவரியாகக் கொடுக்க வேண்டும்.

*

மெதுவான இணைப்பு. இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. குளோன் பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். எச்.டி.டி.பி.எஸ்., எஸ்.எஸ்.எச். இரண்டிலும் இதே கதை. மொபைல் டேட்டாவில் படிக்கும் பிள்ளைக்கு இது காசு. ஆழம் 1 என்று கடைசிக் கமிட்டை மட்டும் முதலில் எடுத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துவது ஒரு வழி.

இன்னொன்று பண்டில். மொத்த ரெப்போவையும் ஒரே கோப்பாக்கிவிடலாம், அதிலிருந்து நேராகக் குளோன் எடுக்கலாம். சாதாரணக் கோப்பு என்பதால் அறுந்த டவுன்லோடைத் தொடரவும் முடியும். லினக்ஸ் கெர்னலுக்கே கெர்னல்.ஆர்க் இப்படி ஒரு பண்டில் வைத்திருக்கிறது. எடுத்த பிறகு ரிமோட் முகவரியை அசல் சர்வருக்கு மாற்றி ஒரு ஃபெட்ச், அவ்வளவுதான்.

கல்லூரியில் பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறவர்கள் அன்றைய ரெப்போவைப் பண்டிலாக்கி ஒரு பென்டிரைவில் கொண்டுபோங்கள். ஐம்பது பேர் ஒரே வைஃபையில் குளோன் அடித்தால் அந்த வகுப்பு நடக்காது.