அமுச்சியும் சுண்ணாம்பும்

"அமுச்சி பாலைத் தொடுவதில்லை, களியும் வேண்டாம் என்கிறாள்" என்று துடியலூரிலிருந்து தகவல் வந்தது. ராகிக் களியை வேண்டாமென்கிற கொங்கு நாட்டுக் கிழவியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அன்றிரவே சென்னையில் ரயிலேறினேன்.

விஷயம் இதுதான். இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரே படத்தில், இருதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயின் வளைவில் வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்ததாம். "சுண்ணாம்பு படிந்திருக்கிறது, இந்த வயதில் சகஜம்" என்றாராம் டாக்டர். அமுச்சி வீட்டுக்கு வந்து, உப்புத் தண்ணீர் காய்ச்சும் தவலைக்குள் எட்டிப் பார்த்தாள். தோசைக் கனத்துக்குக் காரை! போதாதா?

"தவலைன்னாப் புளி போட்டுத் தேய்ப்பேன் கண்ணு. நெஞ்சுக்குள்ளே என்னத்தைப் போட்டுத் தேய்க்கிறது?"

பாலிலும் ராகியிலும் சுண்ணாம்புச் சத்து உண்டென்று யாரோ புண்ணியவான் சொல்ல, அவையும் நின்றுபோயின. ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டாள்.

அவளை மறுபடி டாக்டரிடம் அழைத்துப் போனேன். பொறுமைசாலி, உட்கார வைத்துச் சொன்னார். தவலையில் படிவது தண்ணீரிலுள்ள கால்சியம் கார்பனேட். ரத்தக் குழாயில் படிவதோ கால்சியம் பாஸ்பேட். எலும்பும் பல்லும் எந்த இனமோ அந்த இனம். குடித்த தண்ணீர் அங்கே போய் உறைவதில்லை. கொழுப்பு சேர்ந்து புண்ணாகிப் போன சுவரில் உடம்பே பூசிக்கொள்ளும் காரை அது. 2013-ல் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த விஞ்ஞானிகள், நோயுற்ற குழாய்களில் இந்தப் பாஸ்பேட் நுண்ணிய உருண்டைகளாக இருக்கக் கண்டார்கள். படிந்ததைக் கரைத்தெடுக்க மருந்து கிடையாது. மேலும் புண்ணாகாமல் காக்கத்தான் வழியுண்டு.

நானும் சும்மா இராமல், எகிப்து, பெரு முதலிய இடங்களின் பழைய மம்மிகள் 137-ஐ ஸ்கேன் செய்ததில், 47 உடல்களில் ரத்தக் குழாய் நோயின் அடையாளம் தெரிந்த கதையைச் சொன்னேன். சதை வற்றியும் சுண்ணாம்பு மட்டும் அப்படியே நின்றிருந்தது. சுமார் 3,500 வருஷத்துக்கு முந்திய எகிப்திய ராஜகுமாரி ஒருத்திக்கு இருதயக் குழாயிலேயே இருந்தது.

"ராசா மகளுக்கும் எனக்கும் ஒரே சீக்கா!" அமுச்சிக்கு ஏகப் பெருமை.

டாக்டர் அவள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையைக் காட்டி, "அதிலே என்னங்க?" என்றார்.

"பொகயிலைங்க. அதிலே சுண்ணாம்பு இல்லீங்களே! சுண்ணாம்பை அன்னைக்கே உட்டுட்டேன்."

பாலையும் களியையும் விட்டவள், புகையிலையைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள்! குழாய்ச் சுவரைக் கெடுப்பதில் அதற்கும் ரத்தக் கொதிப்புக்கும்தான் பங்கு ஜாஸ்தி என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லி, கொதிப்புக்கு மாத்திரை எழுதினார்.

அன்று மத்தியானமே களி கிண்டியாயிற்று. சுருக்குப் பையை மாமா பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி அமுச்சியின் இடுப்பில் இருப்பதாக நேற்று அத்தை போனில் சொன்னாள்.