சாடுவோரும் விளிப்போரும்: எல்லையோர வினைச்சொற்கள்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதை ஒட்டிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. கோடு நிலத்தில்தான் விழுந்தது. இருபுறத்து வினைச்சொற்கள் அதை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

'கிணற்றில் சாடினான்' என்ற தொடர் சென்னை வாசகரைத் திகைக்க வைக்கும். சாடுதல் என்பது அவருக்கு எதிர்க்கட்சித் தலைவர் ஆளுங்கட்சிக்குச் செய்வது. இப்பகுதியில் அது குதித்தல். பீடியை இங்கே வலிப்பார்கள். துடுப்பு வலித்தலை அறிந்த தமிழருக்கு இது அந்நியமாகப்பட நியாயமில்லை. விளித்தல் பிற இடங்களில் எட்டாம் வேற்றுமையாக உறைந்து கிடக்க, இங்கே பிள்ளைகளைச் சோறுண்ண விளிக்கிறார்கள்.

இவற்றினும் நுட்பமானது 'தா', 'கொடு' வேறுபாடு. மலையாளத்தில் பேசுவோருக்கும் கேட்போருக்கும் வருவது தருதல். மூன்றாமவருக்குப் போவது கொடுத்தல். 'எனக்குக் கொடு' என்பது மலையாளச் செவிக்குப் பிழை. தொல்காப்பியக் கிளவியாக்கமும் இதையே விதிக்கிறது: வரவும் தரவும் தன்மை, முன்னிலைக்கு, செலவும் கொடையும் படர்க்கைக்கு. (எச்சவியலில் ஈ, தா, கொடு மூன்றும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றாகப் பகுக்கப்படுவது வேறு கணக்கு.) திராவிட மொழிகளின் 'வா', 'தா' வினைகளைப் பற்றி எமனோ 1945இல் எழுதிய கட்டுரை, இவ்வேறுபாட்டின் தொன்மையைப் பிற மொழிகளின் சான்றோடு பேசியது. இன்றைய பொதுத்தமிழோ 'எனக்குக் கொடு', 'அவனுக்குத் தருவேன்' இரண்டையும் தயக்கமின்றி ஏற்கிறது. தொல்காப்பியரின் விதியை அன்றாடம் காப்பவர்கள் தமிழிலக்கணம் படிக்காத மலையாளிகள் என்பது தமிழ்த்துறைகளுக்குச் சற்றுச் சங்கடமான செய்திதான்.

ஆகவே எல்லையோர மாணவர் 'விளித்தான்' என்று கட்டுரையில் எழுதும்போது, 'மலையாளக் கலப்பு' என்று சிவப்பு மையால் சுழிப்பது மொழியியல் ஆகாது. 'சாடு' பற்றி வேண்டுமானால் வாதிடலாம். 'விளி', 'வலி' இரண்டிலும் வாதத்துக்கே இடமில்லை. அந்தச் சுழிப்பு ஒரு சொல்லை மட்டும் அடிப்பதில்லை. வீட்டில் தாய் பேசுவது தமிழன்று என்று அம்மாணவருக்குச் சொல்லியும் விடுகிறது.

கோட்டின் மறுபுறம் இழப்பு வேறு வகையானது. பாறசாலைப் பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பழகும் பிள்ளைக்கு 'தா', 'கொடு' சிக்கல் இல்லை. ஆனால் வந்தான், வந்தாள், வந்தார் மூன்றும் வகுப்பறையில் ஒரே 'வந்நு' ஆகிவிடுகின்றன. வினைமுற்றில் வைத்திருந்த மரியாதையை அப்பிள்ளை எழுவாயில் கொண்டுபோய் வைக்கப் பழக வேண்டியிருக்கிறது.