படகு பார்த்த படலம்

பழைய மாட்டை வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நாலடி நடக்கவிட்டும் பார்ப்பான். பழைய படகை வாங்கப் போகிறவன் எதைப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியாது. இங்கிலாந்தின் தெற்குக் கரையில், ஸௌதாம்ப்டனில் வேலையாயிருக்கும் என் சகோதரியின் மகனிடம் ஒரு மாதம் தங்கப் போனேன். போன மூன்றாம் நாளே, "மாமா, சனிக்கிழமை உங்களுக்கு வேறு ஜோலி இல்லையே? படகு பார்க்கப் போகிறோம்" என்றான்.

"படகைப் பற்றி எனக்கு என்னடா தெரியும்?"

"தெரியாதவர் ஒருவர் கூட இருப்பது நல்லது, மாமா. எனக்கு ஆசை கண்ணை மறைக்கும்."

இவ்வளவு நிதானமாகப் பேசுகிறவனுக்குத் துணை எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். ஆசை எவ்வளவு பெரிது என்பது பிறகுதான் தெரிந்தது.

விஷயம் இதுதான். இரண்டு பாய்மரப் படகுகள் விலைக்கு வந்திருந்தன. இரண்டும் ஏறக்குறைய 26 அடி நீளம். இரண்டும் கண்ணாடி இழையால் செய்தவை. இரண்டுக்கும் வயது ஐம்பதை ஒட்டிவிட்டது. விலையும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்று கான்டெஸா 26 என்ற ஜாதி. மற்றது வெஸ்டர்லி ஸென்டார்.

கான்டெஸாவை அந்த ஜாதி பிறந்த லிமிங்டன் என்ற ஊரிலேயே பார்த்தோம். அழகு என்றால் அப்படி ஓர் அழகு! அகலம் ஏழரை அடிதான். படகின் அடியில் ஏரா என்கிற முதுகெலும்பு நீண்டு ஓடி, சுக்கானையும் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மொத்த எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்குமேல் அடியிலே கனமாக வைத்திருப்பதால், அலை எவ்வளவு சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளப் பார்க்கும். தான்யா ஏபி என்ற அமெரிக்கப் பெண் 1985-இல், தன் பதினெட்டாவது வயதில், இதே ஜாதிப் படகில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டாள். ஏறக்குறையத் தனியாகவே உலகைச் சுற்றிக்கொண்டு 1987-இல் திரும்பினாள். தன் படகுக்கு அவள் வைத்திருந்த பெயர் 'வருணா'.

இந்தக் கதையைச் சொல்லும்போது என் மருமானின் கண்கள் அந்தத் துறையில் இல்லை. அட்லாண்டிக்கைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன.

நான் உள்ளே இறங்கினேன். 'ணங்'கென்று தலையில் இடித்தது. நிமிர்ந்து நிற்க வழியில்லை. அவன் மனைவி ஒரு பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து, ஆறு வயதுப் பெண்ணை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு எங்கே வைத்துக்கொள்வது?

படகுக்காரர் வயதான மனிதர். பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்று தாமே சொன்னார். முழங்கால் ஒத்துழைக்காததால் விற்கிறாராம். ஸ்பெயினுக்கும், ஒரு தடவை அஸோர்ஸ் தீவுகளுக்கும் இதிலே போய் வந்திருக்கிறாராம்.

"உங்கள் மனைவியும் வருவார்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பெரியவர் கையிலிருந்த கயிற்றை நிதானமாகச் சுருட்டினார். "22 வருஷத்தில் நாலு தடவை வந்தாள். பிறகு நான் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்" என்றார், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி.

மத்தியானம் கிழக்கே போஷம் என்ற கிராமத்துக்குப் போனோம். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்வது என் காதில் 'பாசம்' என்றே விழுந்தது. கடல் வற்றி, துறை முழுவதும் சேறாகக் கிடந்தது. மற்றப் படகுகள் ஒருக்களித்துப் படுத்திருக்க, ஸென்டார் மட்டும் நேராக நின்றுகொண்டிருந்தது. அதற்கு இரண்டு ஏரா. இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். மூன்றடித் தண்ணீர் இருந்தால் மிதந்துவிடும்.

அழகைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. சமையலறைக்குப் பாய் கட்டியது போலிருந்தது. எதிர்க்காற்றில் கான்டெஸா கத்தி மாதிரி ஏறிப் போகுமாம். இது பக்கவாட்டில் நழுவுமாம். ஆனால் உள்ளே நான் நிமிர்ந்து நின்றேன். குழந்தை முன்னறைக்கு ஓடி, "இது என் இடம்" என்று படுத்துக்கொண்டது. அவன் மனைவி அடுப்பைத் திறந்து பார்த்தாள். அவனோ டார்ச் விளக்கோடு மண்டியிட்டு, ஏராவும் உடம்பும் சேரும் மூட்டைத் தடவிக்கொண்டிருந்தான். இந்த ஜாதிக்கு வியாதி வருகிற இடம் அதுவாம். மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது.

திரும்பும்போது காரில், "எது நல்ல படகு, மாமா?" என்று கேட்டான்.

"கான்டெஸாதான். அதில் சந்தேகமே இல்லை."

அவன் முகம் மலர்ந்தது. பின்னாலிருந்து அவன் மனைவி, "பத்து வருஷமாக இதற்கென்று பணம் சேர்த்திருக்கிறார், மாமா. அவருக்குப் பிடித்ததையே வாங்கட்டும்" என்றாள். குரலில் வருத்தம் இல்லை. இல்லாததுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

அவன் வெகு நேரம் பேசவில்லை. ஸௌதாம்ப்டன் விளக்குகள் தெரிந்தபோது, "நாலு தடவை" என்று தனக்குள் முணுமுணுத்தான். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஒரு நிபுணர் வந்து, ஸென்டாரின் உடம்பு முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டிச் சத்தம் பார்த்தார். மூட்டைப் பலப்படுத்த வேண்டும் என்றார். அதற்காகும் செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்கினார்கள். நான் ஊர் திரும்பினேன்.

கோடையில் கடிதம் வந்தது. தண்ணீர்க் கணக்குத் தவறி, ஓர் ஓடையில் தரைதட்டி ஆறு மணி நேரம் சேற்றில் நின்றார்களாம். தயிர் சாதம் சாப்பிட்டார்களாம். குழந்தை நண்டு பிடித்ததாம். 'கான்டெஸாவாக இருந்தால் சாய்ந்து கிடந்திருப்போம்' என்று எழுதியிருந்தான். அந்தப் பெயரை எழுதும்போது பேனா சற்றுத் தயங்கியிருக்க வேண்டும். மசி அங்கே கொஞ்சம் ஊறியிருந்தது.

ஓரத்தில் அவன் மனைவி தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'மாமா, நான் போனது இது ஐந்தாவது தடவை.'