கழற்றிப்போட்ட வால்வு

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்து கார் மெக்கானிக் கடைக்கு வருகிறவர்களில் பலர், நோய் என்ன என்பதையும் தாங்களே முடிவுசெய்துகொண்டுதான் வருகிறார்கள். "மைலேஜ் தரமாட்டேங்குது, ஏர் ஃபில்டர மாத்திடுங்க." நெய்வேலிக்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவதில் நியாயம் உண்டு. நிலக்கரிச் சுரங்கப் பக்கமிருந்து காற்றடித்தால் மாடியில் காயும் வெள்ளை வேட்டி பழுப்பாகிவிடும். பண்ருட்டிப் பக்கம் போய்வந்தால் செம்மண். மெக்கானிக் அண்ணன் ஒரு ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். மடிப்புகளுக்குள் கறுப்பும் சிவப்புமாக இரண்டு ஊர்த் தூசியும் படிந்திருந்தது. தரையில் ஒரு தட்டு தட்டினார். ஒரு கைப்பிடி கொட்டியது.

"இத மாத்தினா மைலேஜ் ஏறுமா?" என்றேன்.

"ஏறாதுங்க. ஆனா மாத்தணும்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சரியான பதில் அதுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. கணினியால் பெட்ரோல் அளந்து விடும் இன்றைய கார்களில் ஃபில்டர் அடைத்திருந்தாலும் எரிபொருள் செலவு ஏறக்குறைய மாறுவதில்லை; வண்டியின் இழுவைதான் குறைகிறது. உள்ளே வரும் காற்று குறைந்தால் பெட்ரோலையும் அந்த அளவுக்குக் கணினி குறைத்துவிடும். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. அதில் 2 முதல் 6 சதவீதம் வரை நஷ்டம் உண்டு. ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போகும் என்று நம் அப்பாக்கள் சொன்னது அம்பாசிடருக்கும் பழைய மாருதி 800க்கும் உண்மை. வண்டி மாறிவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே நிற்கிறது.

பிறகு ஏன் மாற்ற வேண்டும்? செம்மண்ணில் உள்ள மணல்துகள் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கைத் தேய்க்கும். ஃபில்டர் இந்த ஊரில் இன்ஜினின் ஆயுளுக்கு. சுத்தம் செய்வதிலும் ஒரு முறை இருக்கிறது: கம்ப்ரெஸர் காற்றை உள்பக்கத்திலிருந்து வெளியே அடிக்க வேண்டும். அவசரத்தில் வெளியிலிருந்து அடிக்கிற பையன்கள் தூசியைக் காகிதத்துக்குள் குத்தி இறக்கிவிடுகிறார்கள்.

கடலூர் – விருத்தாசலம் சாலையை ஒட்டிய கடை அது. தகரக் கொட்டகை, ஒரு குழி, இரண்டு ஜாக்கி. வேலை செய்பவர்கள் மூன்று பேர். அண்ணன் முதலாளி, நாற்பதைத் தாண்டியவர். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் இன்னும் தினமும் வருகிறார், கண் சரியில்லாததால் காதாலும் கையாலும் வேலை செய்கிறார். மூன்றாவது, ஐடிஐ முடித்த பையன். அவன் சட்டைப் பையில் எப்போதும் ஸ்கேனர்.

அன்று குழியின் மேல் நின்றது, அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவரின் பெட்ரோல் கார். வயது பத்துக்கு மேல். அவர் கையில் ஒரு நோட்டு. ஒவ்வொரு முறையும் டேங்க்கை முழுதாக நிரப்பி, போட்ட லிட்டரையும் ஓடிய கிலோமீட்டரையும் எழுதிவைக்கிறார். 17, 18 என்று கொடுத்த வண்டி இரண்டு வருடத்தில் 13க்கு இறங்கியிருந்தது. "மைலேஜ் கொறஞ்சிடுச்சு"ன்னு வர்றவங்கள்ல கணக்கோட வர்றது சார் ஒருத்தர்தான் என்றார் அண்ணன். மற்றவர்களுக்கு அது ஒரு மனக்குறை.

இன்ஜினியருக்கு இந்தப் பழக்கம் வேலையிடத்தில் வந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு எரிபொருள் வெப்பம் செலவானது என்பதுதான் அனல்மின் நிலையத்தில் தினசரிப் பேச்சு. நெய்வேலி நிலக்கரியில் ஏறக்குறைய பாதி எடை ஈரம். ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிலோ எரிக்க வேண்டியிருக்கும். அதில் கொஞ்சம் கூடினாலும் விளக்கம் எழுத வேண்டும். 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1961இல் முதல் நிலக்கரி வெளியே வந்த நாளிலிருந்து இந்த ஊர் செய்துவரும் வேலையே அதுதான்: தோண்டு, எரி, கணக்கு எழுது. சோவியத் உதவியோடு கட்டி 1962 முதல் ஓடிய முதல் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது. அங்கே பழகிய கை வீட்டில் கார் நோட்டு எழுதுகிறது.

அண்ணன் முதலில் பார்த்தது டயர் காற்று. 33 புள்ளி (பிஎஸ்ஐ) இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சக்கரத்தில் 24, மற்றதில் 26, 27. "போன வாரம்தான் பங்க்ல அடிச்சேன்" என்றார் இன்ஜினியர். பக்கத்துப் பஞ்சர் கடை அம்மா தன் கேஜைக் கொண்டுவந்து வைத்துக் காட்டினார். பங்க் கேஜும் அவர் கேஜும் ஒத்துப்போவதில்லை என்பது அந்த வட்டாரம் அறிந்த விஷயமாம். இன்னொன்று: நடுவெயிலில் ஓட்டிக்கொண்டு போய் அடித்தால் டயர் சூட்டில் கேஜ் கூடுதலாகக் காட்டும்; ஐந்தாறு டிகிரிக்கு ஒரு புள்ளி வீதம் ஏறும். மறுநாள் காலை ஆறியதும் அந்தக் காற்று இருக்காது. காலையில், வண்டி எடுத்தவுடன் அடிப்பதுதான் கணக்கு. நைட்ரஜன் வேண்டுமா என்று கேட்கிற கடைகளும் உண்டு. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மிச்சத்துக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

ஆனால் காற்றை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. நான்கு டயரிலும் ஒரு புள்ளி குறைந்தால் எரிபொருளில் 0.2 சதவீதம் போகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. ஏழெட்டுப் புள்ளி குறைந்தாலும் ஒன்றரை சதவீதம். டயர் தேய்வதும் சூடாவதும் வேறு கணக்கு. பதினெட்டைப் பதிமூன்றாக்கியது வேறு ஏதோ.

வண்டியை ஜாக்கியில் ஏற்றினார்கள். பெரியவர் எழுந்து வந்து ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிவிட்டார். முன்சக்கரம் இரண்டும் லேசான உரசலோடு நின்றன. அது சரி என்றார். பின்பக்கம் இடது சக்கரம் அரைச் சுற்றிலேயே நின்றுவிட்டது. கையைப் பின்புறமாகத் திருப்பி டிரம்மின் மேல் வைத்தார். "டேய், இங்க வச்சுப் பாரு. அந்தப் பக்கமும் வச்சுப் பாரு." வண்டி வந்து அரைமணி ஆகியும் அது மட்டும் சுட்டது. யாரோ ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று ஒயரை அளவுக்கு மேல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். லைனிங் டிரம்மை விட்டு விலகவே இல்லை. பிரேக்கை மிதித்தபடியே வண்டி இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

தன் வண்டிக்காகக் காத்திருந்த கன்வேயர் பிரிவு ஊழியர் ஒருவருக்கு இதில் புதுமை எதுவும் தெரியவில்லை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் தோண்டிப் போடுவதை – பெரிய இயந்திரத்தில் ஒரு வாளி 1,400 லிட்டர் கொள்ளும் – கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோவது ரப்பர் பெல்ட். அதைத் தாங்குவது ஆயிரக்கணக்கான ரோலர்கள். "ஒரு ரோலர் ஜாம் ஆச்சுன்னா பெல்ட் நிக்காதுங்க, அது மேலயே தேச்சிக்கிட்டுப் போயிடும். மோட்டார் கரண்ட்தான் கூட இழுக்கும். நாங்க நடந்து போகும்போதே சத்தத்துல கண்டுபிடிப்போம்." பெரியவர் தலையாட்டினார். இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள்தான் என்று எனக்குப் பட்டது: ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்றில், ஓடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது எது என்று தேடுகிறவர்கள்.

பெட்ரோலில் உள்ள சக்தியில் சக்கரத்துக்கு வந்து சேர்வது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. வந்து சேர்ந்த அந்தக் கொஞ்சத்திலும் பிரேக் உரசல் கை வைத்தால் நஷ்டம் பெரிது.

அடுத்து பையனின் முறை. ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் சொருகி, வண்டியை டவுன்ஷிப் பக்கம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். நானும் ஏறிக்கொண்டேன். ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்ட் 0.1க்கும் 0.9க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அது செத்துப்போனால் வோல்ட் அசையாமல் நிற்கும், கணினி குத்துமதிப்பாகப் பெட்ரோலைக் கொட்டும். இந்த வண்டியில் அது உயிரோடு இருந்தது. பையன் உற்றுப் பார்த்தது வேறொரு எண்ணை. கூலன்ட் வெப்பநிலை 64. பிளாக்குகளைச் சுற்றி அகலமான, மரநிழல் விழும் சாலைகளில் வெகுநேரம் ஓட்டியும் 64, 66. எண்பதைத் தாண்டியிருக்க வேண்டும்.

"தெர்மோஸ்டாட் இல்லண்ணே" என்றான், கடைக்குத் திரும்பியதும். திறந்து பார்த்தார்கள். வால்வு இருக்க வேண்டிய இடம் காலி.

இந்த வால்வு இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடிக்கொண்டிருக்கும், சூடேறியதும் திறக்கும். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். கணினி, வண்டியை இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பெட்ரோலைத் தாராளமாக விடும். ஆயிலும் இளகாது. தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் இதைக் கழற்றிப்போடுவது பல காலமாக நடக்கிற விஷயம். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு சார் இது?" என்பார்கள். யார் கழற்றியது என்று இன்ஜினியருக்கு நினைவில்லை. பின்சக்கர பிரேக் வேலைக்கு வெளியூரில் விட்டபோது நடந்திருக்கலாம்.

பெரியவர் சிரித்துவிட்டார். "நானே எத்தன கழட்டிப் போட்டிருக்கேன் தெரியுமா? அந்தக் காலத்துல போர் தண்ணியதான் ரேடியேட்டர்ல ஊத்துவோம். உப்பு புடிச்சு வால்வு மூடுனபடியே நின்னுடும். வடலூர் தாண்டறதுக்குள்ள ஹெட் கேஸ்கெட் போயிடும். வால்வு வேணுமா, இன்ஜின் வேணுமான்னா என்ன செய்யறது?"

அவர் சொன்னது நியாயம். கார்புரேட்டர் வண்டியில் ஸ்க்ரூவைத் திருகித் திருகி, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்துகிறவருக்கு, குளிர்ந்த இன்ஜினுக்கும் ஒரு சத்தம் கேட்டு ட்யூன் பண்ணிவிட முடியும். பாசி நிறக் கூலன்ட் ஊற்றி, கணினி வைத்த வண்டியில் அதே வைத்தியம் விஷமாகிவிட்டது. அனுபவம் என்பதை நான் மதிக்கிறவன்தான். ஆனால் எந்த வண்டியில் பெற்ற அனுபவம் என்று ஒரு கேள்வியும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நெய்வேலியில் இந்தக் குறை இன்னும் மோசமாக வலிக்கும். வீடு ஒரு பிளாக், கடைத்தெரு இன்னொரு பிளாக், கோயில், ஆஸ்பத்திரி, பேரனின் பள்ளிக்கூடம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள். வால்வு உள்ள வண்டியே அந்தத் தூரத்துக்குள் முழுச் சூட்டுக்கு வராது. அதனால்தான் டவுன்ஷிப்புக்குள்ளேயே ஓடும் வண்டியும் சென்னை போய்வரும் வண்டியும் ஒரே மாதிரியானாலும் ஒரே மைலேஜ் தருவதில்லை. இதற்கு மெக்கானிக்கிடம் மருந்து கிடையாது. இரண்டு மூன்று வேலைகளை ஒரே சுற்றில் முடிப்பதும், பால் வாங்கச் சைக்கிளில் போவதும்தான் மருந்து.

புது வால்வைப் போட்டு, ஆயிலையும் மாற்றினார்கள். 5டபிள்யூ-30 கேட்கிற இன்ஜினில், பேரலில் இருக்கிறதென்று 20டபிள்யூ-40 ஊற்றுவது பல கடைகளில் வழக்கம். கெட்டியான ஆயிலைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதற்கும் பெட்ரோல் வேண்டும், ஒன்றிரண்டு சதவீதம். இதில் சொல்ல அதிகம் இல்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருப்பதை ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து இன்ஜினியரின் நோட்டு 15.5 என்று காட்டியதாகக் கேள்விப்பட்டேன். அவர் வருடத்துக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். 13லிருந்து 15.5 என்றால் எழுபது லிட்டருக்கு மேல் மிச்சம். பழைய 18 திரும்பவில்லை. வண்டிக்கு வயதாகிவிட்டது ஒரு காரணம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னொன்று. எத்தனாலில் லிட்டருக்குள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென்றே வடிவமைத்து, பத்து சதவீதக் கலவைக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருந்தது. அந்தக் குறைக்கு அண்ணனிடம் கத்துகிற வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். "நான் என்ன, பங்க்கா வச்சிருக்கேன்?"

அவருடைய உண்மையான வருத்தம் வேறு. வால்வுக்கும் கூலன்டுக்கும் ஆயிலுக்கும் யாரும் பேரம் பேசுவதில்லை. டப்பா கண்ணில் தெரிகிறது. சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததற்கும், பிரேக் ஒயரைத் தளர்த்தியதற்கும், அரைமணி ஓட்டி எண் பார்த்ததற்கும் கையில் கொடுக்க ஒன்றும் இல்லை. "என்ன மாத்தின?"னு கேக்கிறாங்க. ஒண்ணும் மாத்தல, சரி பண்ணேன்னா மூஞ்சி சுருங்குது. இதனால்தான் பல கடைகளில் உரசலைத் தேடுவதைவிட ஃபில்டரை மாற்றிக் கொடுத்து அனுப்புவது லாபமாக இருக்கிறது. வாடிக்கையாளரும் திருப்தியாகப் போகிறார். பெரியவரின் கை டிரம்மின் சூட்டை அறிவதற்கு இந்தத் தொழிலில் விலைப்பட்டியல் கிடையாது.

அண்ணன் இப்போது ஒரு வழி கண்டிருக்கிறார். பில்லில் 'மைலேஜ் செக்கப்' என்று தனி வரி போட்டு 400 ரூபாய் எழுதுகிறார். எழுதியதும் பெரும்பாலும் அதில்தான் பேரம் தொடங்குகிறது. அன்று இன்ஜினியர் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, ரூபாயை லிட்டராக்கி, செலவுப் பக்கத்தில் '4' என்று எழுதிக்கொண்டார்.