ஆறேழு பிக்சல்

காலேஜ் பஸ்ல ஒரகடம் தாண்டும்போது ஜன்னல் வழியா என்ன பார்ப்பீங்க? கம்பெனி, காம்பவுண்டு சுவர், மறுபடி கம்பெனி. அது எப்போ எவ்வளவு வளர்ந்ததுன்னு சாட்டிலைட் படத்துல அளக்கறதுதான் எங்க மூணு பேரோட மினி புராஜெக்ட்.

படத்துக்குக் காசு வேண்டாம். லேண்ட்சாட் படங்கள் 2008-லிருந்தே இலவசம். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 1975 தொடங்கி உலகம் முழுக்கக் கட்டடப் பரப்பைக் கணக்கிட்டு வரைபடமாகவே தருகிறது. ஆனாலும் நம்ம ஏரியாவை நாமே போட்டுப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தோம்.

கணக்கு எளிது. பச்சை இலை, அண்மை அகச்சிவப்பு ஒளியை நிறைய திருப்பி அனுப்பும். கான்கிரீட் குறுஅலை அகச்சிவப்பை அதிகம் அனுப்பும். இரண்டையும் ஒப்பிட்டால் கட்டடம் சிவப்பாகத் தெரியும். 1998-ல் ஹூண்டாய் கார் செய்யத் தொடங்கிய இருங்காட்டுக்கோட்டை, 2010-ல் ரெனோ-நிசான் ஆலை திறந்த ஒரகடம் எல்லாம் சரியாக வந்தது. கூடவே எங்க ஊர் ஏரியும் மொத்தமா சிவப்பு!

காரணம், நாங்க எடுத்தது மே மாதப் படம். காய்ந்த மண்ணும் கான்கிரீட்டும் இந்தக் கணக்குக்கு ஏறக்குறைய ஒண்ணுதான். ஏரிக்குப் பேர் போன காஞ்சிபுரம் பக்கம் இந்தத் தப்பு வராமல் எப்படி இருக்கும்? மழை முடிந்த ஜனவரிப் படத்துக்கு மாறினோம். ஏரி நீலமாச்சு. அப்பாடா.

அப்போதான் எங்க நிலத்தைத் தேடினேன். ஏரிப் பாசனத்துல ஒன்றரை ஏக்கர். ஒரு லேண்ட்சாட் பிக்சல் 30-க்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட். ஆக ஆறேழு பிக்சல். எல்லாமே நல்ல பச்சை. வரைபடப்படி அங்க இன்னும் விவசாயம் நடக்குது.

நிஜத்துல, நான் ஒன்பதாவது படிக்கும்போதே அப்பா அதை வித்துட்டார். வாங்கினவங்க வரப்பை இடிச்சு, ரோடு போட்டு, கல் நட்டு, மனையா பிரிச்சாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு வீடு வரலை. மழை பெஞ்சா சீமைக் கருவேலமும் புல்லும் முளைக்கும். அதைத்தான் சாட்டிலைட் பச்சைன்னு சொல்லுது. அந்தப் பணத்துலதான் எனக்கு ஃபீஸ் கட்டினாங்க. அதனால அப்பா மேல கோபப்படவும் எனக்கு வழியில்லை.

லேப்டாப்பை அப்பாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "கெணறு எங்கடா?" என்றார். கிணறு ஒரு பிக்சலுக்குள்ள தெரியாதுப்பா என்றேன். "மூடிட்டாங்க இல்ல, எப்படித் தெரியும்" என்று எழுந்து போய்விட்டார்.

கைடு கிட்ட கேட்டு, 'மனை' என்று நாலாவதா ஒரு நிறம் சேர்த்திருக்கோம். அதைக் கணக்கு கண்டுபிடிக்காது. போன்ல ஜிபிஎஸ் போட்டு நடந்துதான் குறிக்கணும். எங்க ஊர் முடிஞ்சது. உங்க ஊர் வண்டலூர்–வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம்னா, கல் நட்ட இடத்தோட லொகேஷனும், அங்க கடைசியா எந்த வருஷம் என்ன பயிர் வெச்சாங்கன்னும் வீட்டுல கேட்டு எங்களுக்குச் சொல்லுங்க. எங்களோடது வேர்க்கடலை.