முடிவு இல்லாத கேசட்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருந்தான். பழைய பித்தளைக் குடம், கால் உடைந்த ஸ்டூல், என் ஆபீஸ் டைரிகள் என்று ஒவ்வொன்றாக இறக்கினான். கடைசியாக ஒரு வீடியோ கேசட்டைத் தூக்கிக் காட்டி, “சார், இதைக் குப்பையில போட்டுடலாமா?” என்றான். ஓரமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. முதுகில் நீல மையில் சாய்ந்த கையெழுத்தில் ‘லே தியாபோலிக்’ என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. “வேண்டாம், இங்கே கொடு” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கேசட்டின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

1986 தை மாதம், பொங்கல் விடுமுறை. எங்கள் தெருவில் ஒரு சொல்தா மாமா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இந்தோசீனா வரை போய் வந்தவர், பென்ஷனில் இருந்தார். நம் ஊர்க்காரர்களுக்கு ‘சொல்தா’ என்றால் விளக்கம் வேண்டாம். அவருடைய தம்பி பிரான்சில் தொலைக்காட்சியில் வந்த ஒரு படத்தைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். “தம்பி, 1955-ல தெற்குப் பிரான்சுல முகாம்ல இருந்தப்போ பார்த்த படம். கொட்டகையை விட்டு வெளியே வந்து ரெண்டு நாள் தூக்கம் இல்ல. வாங்க, எல்லாரும் பார்ப்போம்” என்றார். அவர் வீட்டில் டிவி இல்லாததால் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏற்பாடு. டெக் வாடகைக்கு எடுத்தோம்.

பார்க்க வந்தவர்கள் மாமாவைச் சேர்த்து நாலு பேர்: கணக்கு வாத்தியார், என் ஆபீஸ் தோழர், பேங்க்கில் வேலை பார்த்த நண்பர். எல்லோருமே என்னைப் போல் பிரெஞ்சில் படித்தவர்கள். தப்பாக ஒரு எழுத்து எழுதினால் நூறு வரி இம்போசிஷன் எழுதி வளர்ந்தவர்கள். அந்தத் திமிர் எங்களுக்குக் கொஞ்சம் உண்டு. என் மனைவி திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துப் பெண், எட்டாவது வரை தமிழில் படித்தவள். வாசல்படி ஓரமாக, பூ தொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

டெக்கை மாட்ட வந்த பையன் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது ஃபாரின் கேசட். அவங்க சிஸ்டம் வேற, நம்மளது வேற. கலர் வராது, கறுப்பு வெள்ளையாத்தான் தெரியும்” என்று வருத்தப்பட்டான். பிரான்சில் செகாம், நம் நாட்டில் பால் என்று ஒளிபரப்பு முறையே வேறு. அவன் சொன்னது சரிதான். ஆனால் படமே கறுப்பு வெள்ளைப் படம்! எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அந்தக் கேசட்டில் எங்களுக்கு நஷ்டம் இல்லாமல் போனது அது ஒன்றுதான்.

மற்றபடி படம் படு மோசம். கடல் காற்றில் இருந்த கேசட், மேலே கீழே கோடு ஓடும், திடீரென்று பனி பெய்வது போல் புள்ளி புள்ளியாகும். டிராக்கிங் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் இரண்டு தரம் நிறுத்தி ஹெட்டைத் துடைத்தோம்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இயக்கியவர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ. பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம். பணம் மனைவியுடையது, அதிகாரம் தலைமையாசிரியரான கணவனுடையது. அவன் கொடுமைக்காரன், கருமி. கெட்டுப்போன மீனை வாங்கிப் பிள்ளைகளுக்குப் போடுவான். மனைவியையும் எல்லோர் முன்னாலும் அதை விழுங்க வைப்பான். அவளுக்கு இதய நோய். அதே பள்ளியில் ஒரு டீச்சர், அவள் அவனுடைய வைப்பாட்டி. அவளையும் அடிக்கிறான். அடிபட்ட இரண்டு பெண்களும் சேர்ந்து அவனுக்கு மயக்க மருந்து கொடுத்து, குளியல் தொட்டியில் அமுக்கி, பிரம்புப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்து நீச்சல் குளத்தில் தள்ளிவிடுகிறார்கள். பிறகு குளத்துத் தண்ணீரை வடித்தால் பிணம் இல்லை! அவன் போட்டிருந்த சூட்டு சலவைக் கடையிலிருந்து மடித்து வருகிறது. ஒரு பையன், தலைமையாசிரியர் தன்னைத் தண்டித்தார் என்கிறான். நடுவில் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவர், யாரும் கூப்பிடாமலே உதவிக்கு வந்து மூக்கை நுழைக்கிறார். ஓய்வுபெற்றவர்கள் நாம் எல்லோரும் அப்படித்தானே!

டீச்சராக சிமோன் சிஞோரே. மனைவியாக நடித்த வேரா க்ளூஸோ, இயக்குநரின் சொந்த மனைவி. 1960-ல் மாரடைப்பில் இறந்துபோனார் என்று பிற்பாடு படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது.

நான் மனைவிக்காக மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியவர்கள் இருக்கும் சபை. வைப்பாட்டி என்று எப்படிச் சொல்வது? “அந்தப் பொம்பள பள்ளிக்கூடத்து டீச்சர்” என்று மட்டும் சொன்னேன். அவள் பூவிலிருந்து கண்ணை எடுத்து, “டீச்சர்னு தெரியுது. அது மட்டும் இல்லன்னும் தெரியுது” என்றாள். அதற்கப்புறம் நான் பாதியை விட்டுவிட்டேன். அவளும் கேட்கவில்லை.

படம் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. இரவு. மனைவி படுக்கையிலிருந்து எழுந்து இருட்டு நடையில் தனியாகப் போகிறாள். எங்கோ ஒரு அறையில் வெளிச்சம். யாரோ டைப் அடிக்கும் சத்தம். இருபது வருஷம் டைப்ரைட்டர் சத்தத்தில் குடும்பம் நடத்தின எனக்கே வயிற்றைப் பிசைந்தது. அப்போது ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம். திரை வெறும் புள்ளி. டேப் தீர்ந்துவிட்டது.

தம்பிக்காரர் இரண்டு மணி நேரக் கேசட்டில் பதிவு செய்திருக்கிறார். படம் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஓடும். ஆனால் படம் தொடங்குவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே பொத்தானை அழுத்திவிட்டார். முன்னால் செய்தி, விளம்பரம் எல்லாம் இருக்கிறது, முடிவு இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் சபை! கணக்கு வாத்தியார், பள்ளிக்கூடத்து வேலைக்காரன் யாரோ பிணத்தை எடுத்து மறைத்துப் பணம் பறிக்கப் பார்க்கிறான் என்றார். ஆபீஸ் தோழர், ஆவிதான் என்று சத்தியம் செய்தார். பள்ளிக்கூடத்துக் குழுப் புகைப்படம் ஒன்று வருமே, அதில் ஜன்னலில் அவன் முகம் தெரிகிறது என்று அவர் வாதம். எங்கள் கேசட்டில் அந்த இடம் சாம்பல் பூசின மாதிரி இருந்தது. பாதிப் பேர் முகம் தெரிந்தது என்றார்கள், பாதிப் பேர் ஒன்றுமே இல்லை என்றார்கள். நான் எழுந்து நின்று, குற்ற உணர்ச்சியில் அந்த மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, எல்லாம் அவள் மனப்பிரமை என்று ஒரு பிரசங்கமே செய்தேன். பேங்க் நண்பர் மட்டும், “பின்னணி இசைகூடச் சரியாப் பதிவாகல. இப்படி ஒரு காப்பியைப் பார்த்துட்டு அபிப்பிராயம் சொல்றதே தப்பு” என்றார்.

எல்லோரும் மாமாவைப் பார்த்தோம். அவர்தான் முழுப்படம் பார்த்தவர் ஆயிற்றே. அவர் வாயைத் திறக்கவில்லை. “படம் முடிஞ்சதும், முடிவை யாருக்கும் சொல்லிடாதீங்கன்னு திரையில எழுதிப் போட்டான் தம்பி. படிச்சுட்டேன். படிச்சது கையெழுத்துப் போட்ட மாதிரிதான்” என்றார். எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை.

அந்த இரைச்சலுக்கு நடுவில் என் மனைவி வாசல்படியிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். கதை இப்படித்தான் முடியும் என்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “உனக்கு பிரெஞ்சில ஒரு வார்த்தை தெரியாது. இவங்கள்லாம் படிச்சவங்க. நீ போய்க் காபி கொண்டா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது, சமையலறை வாசலுக்குப் போய், காலைச் சேர்த்து நிமிர்ந்து நின்று, பட்டாளத்து சல்யூட் ஒன்று அடித்தார். “மெர்சி, மதாம்!” காபிக்குத்தான் என்று நினைத்தோம்.

அன்று இரவு படுக்கும்போது, “எதை வச்சு அப்படிச் சொன்னே?” என்று கேட்டேன். “நீங்கள்லாம் அவங்க பேசறதக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. எனக்குத்தான் பேச்சு புரியலயே. மூஞ்சியையும் கையையும் பார்த்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். “சரி, படு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எத்தனையோ படம் போட்டோம். அவள் கூடத்தில் வந்து உட்காரவில்லை. தூரதர்ஷனில் பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ போட்டபோதுகூட, “யார் சுட்டிருப்பாங்க, சொல்லேன்” என்று கேட்டேன். “எனக்கென்ன தெரியும், நீங்களே சொல்லுங்க” என்றாள். இருபத்தைந்து வருஷம் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். பெண் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அதே பதில். அடக்கமான மனைவி என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மாமா 1993-ல் போய்ச் சேர்ந்தார், முடிவைச் சொல்லாமலே. மனைவி 2011-ல் போனாள்.

ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் மாமாவின் பேரன் பிரான்சிலிருந்து வந்தான். பழைய பேச்சு வந்தது. ஊருக்குத் திரும்பிப் போனவன் அந்தப் படத்தின் டிவிடியை அனுப்பினான். நம் ஊர் பிளேயரில் ஓடாது என்று அடம்பிடித்தது. மறுபடியும் அவங்க சிஸ்டம் வேற! பக்கத்து வீட்டுப் பையன் மடிக்கணினியில் ஏதோ மாற்றி ஓட வைத்தான்.

படம் துல்லியமாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, நாங்கள் கேசட்டைத் திட்டியதில் பாதி அநியாயம். குளத்துத் தண்ணீர் கலங்கலாகத் தெரிந்ததே, அது கலங்கல் தண்ணீரேதான். நடை இருட்டு, இயக்குநர் வைத்த இருட்டு. பின்னணி இசை பதிவாகவில்லை என்றாரே பேங்க் நண்பர், படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தவிர இசையே கிடையாது. தண்ணீர் சொட்டும் சத்தம், கதவுச் சத்தம், செருப்புச் சத்தம்தான். புகைப்படத்து ஜன்னலில் முகம் மங்கலாக இருக்கிறது. கேசட் எங்களை ஏமாற்றியது அந்த முகத்திலும் கடைசிச் சில நிமிடங்களிலும் மட்டும். மற்றதில் ஏமாந்தது நாங்களாக.

இருட்டு நடை வந்தது. டைப்ரைட்டர் சத்தம் வந்தது. இந்த முறை நிற்கவில்லை. முடிவைப் பார்த்தேன். அதன்பின் அந்த எழுத்துகளும் வந்தன: முடிவை நண்பர்களுக்குச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள் என்று.

மூடி வைத்துவிட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அவள் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அந்த சல்யூட் எதற்கு என்று முப்பது வருஷம் கழித்துப் புரிந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொன்னேன். படம் என்ன பதில் சொல்லும்?

அவள் அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இங்கே எழுத முடியாது. எழுதினால் முடிவை எழுதினது ஆகும். நானும் படித்துவிட்டேனே, கையெழுத்துப் போட்ட மாதிரிதான். நாங்கள் நாலு பேர் உளறியதை எல்லாம் விவரமாக எழுதிவிட்டு, அவள் சொன்னதை மட்டும் மறைக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் அவள் பேச்சு சபை ஏறவில்லை, இன்றைக்கும் ஏறவில்லை.

உங்களுக்கு அந்தப் படம் கிடைத்தால் பாருங்கள். காப்பி நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பார்க்கும்போது பக்கத்தில் மொழி தெரியாதவர் யாராவது இருந்தால், கடைசிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நிறுத்திவிட்டு அவரிடம் முதலில் கேளுங்கள். பதில் சொன்னால் சிரிக்காதீர்கள்.

கேசட்டின் பூஞ்சையைத் துணியால் துடைத்து, அவள் படத்துக்குக் கீழே இருக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை ஓட்டுவதற்கு ஊரில் இப்போது டெக் கிடையாது. இருக்கட்டும்.