செவிக்கு எட்டிய முல்லை

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் ஐந்திணைக் கருப்பொருள்களைப் பயிற்றுவித்தோம். முல்லைக்குரிய புள் யாதெனில் காட்டுக்கோழி என்று மாணாக்கர் ஒரே குரலில் விடை தருவர். அதன் குரல் எத்தகையது என எவரும் வினவியதில்லை. வினவியிருப்பினும் நம்மிடம் விடை இருந்ததில்லை.

ஓய்வு பெற்றபின், இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் மகளில்லத்தில் தங்கியிருந்தபோது ஒரு மே மாதத்தில் அக்குறை நமக்கு உறைத்தது. நகருக்கு அருகே பீக் டிஸ்டிரிக்ட் மலைப்பகுதியில், 636 மீட்டர் உயரமுள்ள கிண்டர் ஸ்கௌட் மேட்டுநிலம் உள்ளது. மரங்கள் அரிதான, காற்று ஓயாத இத்தகைய புதர்வெளியை அந்நாட்டார் 'மூர்' என்பர். நிலக்கிழார்கள் வேட்டைக்கென அடைத்து வைத்திருந்த இம்மேட்டில் நடக்கும் உரிமை கோரி, 1932 ஏப்ரல் 24 அன்று எளிய மக்கள் திரண்டு ஏறினர். சிலர் சிறையும் சென்றனர். 1951இல் இப்பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாயிற்று.

பன்னிருவர் கொண்ட நடைக்குழுவில் நாமும் சேர்ந்தோம். ஒவ்வொருவரிடமும் சிறு ஒலிப்பதிவுக் கருவி, வரைதாள், கரித்துண்டு. வழிகாட்டிய அம்மையார் விதித்த நெறி ஒன்றே: பத்து நிமிடம் பேசாது நின்று ஒலிகளைப் பதிவு செய்க, பின்னர்க் கண்டதையன்று, கேட்டதை வரைக.

முதல் நிறுத்தத்தில் அனைவரும் வானை நோக்கி முறுவலித்தனர். வானம்பாடி பாடுகிறதாம்! நமக்கோ காற்றின் இரைச்சலன்றி வேறொன்றும் கேட்கவில்லை. நுண்ணிய ஒலிகளை முதுமை கவர்ந்துகொண்டதை அன்றுதான் உணர்ந்தோம். வெட்கத்தால், கேட்டவர்போல் நாமும் முறுவலித்தோம். அருகில் நின்ற மூதாட்டியார் அதனை உணர்ந்தார். ஒன்றும் கூறாது தம் ஹெட்போனை நம் செவியில் பொருத்தி ஒலியைக் கூட்டினார். இடையறாத அப்பாட்டு அருவியென இறங்கியது. தாளில் நம் கை தானே ஓடிற்று.

அடுத்து, ஹெதர் புதரிலிருந்து கரகரத்த குரலொன்று எழுந்தது. அது செங்கௌதாரி போன்ற 'ரெட் கிரௌஸ்' எனும் பறவை. நம் காட்டுக்கோழியின் குடும்பத்தைச் சேர்ந்தது. "திரும்பிப் போ, திரும்பிப் போ" என்று அது கூவுவதாக அந்நாட்டார் கூறுவர். நம்மை நோக்கியே கூறியதுபோல் இருந்தது.

இளைப்பாறுகையில் வழிகாட்டி ஒரு செய்தி சொன்னார். 1889இல் ஜெர்மனியில் லுட்விக் கோச் என்னும் எட்டு வயதுச் சிறுவன் மெழுகுருளையில் பறவைப் பாட்டொன்றைப் பதிந்தான். அறியப்பட்ட பறவைப் பாட்டுப் பதிவுகளுள் மிகப் பழையது அதுவே. பாடிய பறவை இந்தியச் சோலைப்பாடி! நம் நாட்டுப் பறவையை ஒரு ஜெர்மானியச் சிறுவன் செவிமடுத்தான், நாம் செவிமடுத்தோமில்லை.

தாயகம் திரும்பியதும் மாணவர் சிலருடன் சிறுமலைக்குச் சென்றோம். விடியலில் காட்டுக்கோழி கூவியது. "ஐயா, தேர்வில் எழுதியது இதைத்தானா?" என்றான் ஒருவன். ஆம் என்று தலையசைத்தோம், தொண்டை அடைத்துக்கொண்டது.

மாணவச் செல்வங்களே! ஏட்டில் கற்ற புள்ளைக் காட்டிலும் சென்று கேளுங்கள். செவி கூர்மையாக உள்ளபோதே கேளுங்கள்.